கொழும்புக் கோயிலில் பாதியில் நின்ற கொடி

கொழும்பிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து ராயபுரத்தில் என்னைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சூசை கோயில் கொடியை அறுத்துவிட்டான் என்கிறான் ஒருவன். வெள்ளைக்காரச் சாமியாரை அடிக்கப் போனான் என்கிறாள் ஒருத்தி. குடித்திருந்தான் என்று சொல்லாதவர்களே இல்லை. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் எழுத வரும். போனதையும் வந்ததையும் நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுப் பேசட்டும்.

என் நைனா பெயர் லாசரு. ராயபுரம் கரையில் படகு வலித்தவர். துறைமுகச் சுவர்கள் எழும்பி, கப்பல்கள் கரைக்கே வந்து நிற்க ஆரம்பித்ததும் எங்கள் படகுகளுக்கு வேலை குறைந்தது. நைனா கொழும்புக்குப் போய் அங்கே சரக்குப் படகில் சேர்ந்தார். அவருக்கு முன்பே எங்கள் ஆட்கள் பலர் போய், அந்தக் கரையோரமாக ஒரு சின்ன மாதா கோயில் கட்டியிருந்தார்கள். போன மழைக்காலத்தில் அங்கே காலரா வந்தது. நைனா அதில் போய்விட்டார். எங்களுக்குச் செய்தி வந்தபோது அவரைப் புதைத்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

சாவையாவது ஒரு வழியாகத் தாங்கிக்கொண்டோம். மணி அடிக்கவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் கோயிலில் ஒருவர் இறந்தால் துக்க மணி அடிப்பார்கள். கடலில் இருக்கிற கட்டுமரக்காரனும் அதைக் கேட்டுத் தலைத்துண்டை அவிழ்ப்பான். வெளியூரில் இறந்தவருக்கு, அந்த ஊர்க் கோயிலில் மணி அடித்தார்கள் என்று தெரிந்தால்தான் இங்கே அடிப்பார்கள். அதுதான் எங்கள் வழக்கம். கொழும்பில் அந்தக் காலராவில் செத்த யாருக்கும் மணி அடிக்கவில்லை. அதனால் இங்கேயும் இல்லை. எங்கள் தெருவில் மணி இல்லாத சாவு என்றால் வேறு அர்த்தம். தானே உயிரை விட்டவனுக்கும், வேதத்தை விட்டுப் போனவனுக்கும்தான் மணி கிடையாது. அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும் மறுபடி ஆரம்பிக்கும்.

கொழும்புக் கோயில் எங்கள் கோயிலுக்குப் பிறந்த பிள்ளை மாதிரி. ஒவ்வொரு வருஷமும் அதன் திருவிழாவுக்குக் கொடி ராயபுரத்திலிருந்துதான் போகும். கொண்டுபோகிறவர்களில் ஒருவர்தான் அங்கே கயிறு பிடித்து ஏற்றுவார். இந்த வருஷம் நான் போகிறேன் என்று சவரிமுத்து தண்டலிடம் போய் நின்றேன். தண்டல் என்றால் படகாட்களுக்குத் தலைவர். நைனாவோடு ஒரே படகில் வலித்தவர்.

“நீ இன்னாத்துக்குடா வர்ற?” என்றார்.

“கொடி தூக்கறதுக்கு, மாமா.”

“மெய்யாலுமே கொடி தூக்கத்தானா? அங்க வந்து பேஜாரு பண்ணக் கூடாது.”

“மணி அடிக்கச் சொல்லிக் கேப்பேன். கேக்கறது பேஜாரா?”

“கேளு. கேட்டுட்டு சொம்மா இரு.”

சும்மா இருப்பதாக நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை.

கொடியை வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டித் தந்தார்கள். தரையில் வைக்கக் கூடாது, வழியில் பிரிக்கக் கூடாது. ரயிலில் கைக்குழந்தை மாதிரி மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். தண்டல் கொட்டாவி விட்டால்கூட கொடிக்கு மேல் விடாமல் ஜன்னல் பக்கம் திரும்பி விட்டார்.

முதல் தொல்லை மண்டபத்தில். இலங்கைக்குப் போகிற எங்களைப் போன்ற ஜனங்களை அங்கே முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, உடுப்பையெல்லாம் வாங்கி நீராவிப் பெட்டியில் போட்டு அவித்துக் கொடுப்பார்கள். முதல் வகுப்பில் போகிறவர்களின் உடுப்பில் கிருமி ஏறாது போலிருக்கிறது. அவர்களை யாரும் அவிக்கவில்லை.

“மூட்டையில் என்ன?” என்றார் முகாம் சேவகர்.

“கோயில் கொடிங்க,” என்றார் தண்டல்.

“துணிதானே? பெட்டியில் போடு.”

“அய்ய, அத்த பிரிக்கக் கூடாதுய்யா. மாதா கொடி.”

“மாதாவுக்கும் சட்டம் ஒன்றுதான். போடு, இல்லையென்றால் திரும்பிப் போ.”

நான் குறுக்கே போனேன். “ஏன் சார், கொடிக்குக் காலரா வருமா? எங்க நைனாவுக்கு வந்தப்ப இந்தப் பெட்டி எங்க போச்சு?”

சேவகர் என்னை முறைத்தார். தண்டல் என் காலை மிதித்தார். கடைசியில் பிரிக்காமல், கட்டியபடியே மூட்டை உள்ளே போயிற்று. வெளியே வந்தபோது சூடாக, சொதசொதவென்று இருந்தது. கொடியின் நீலக்கரை சாயம் விட்டு, மேல்துணி வரைக்கும் கசிந்திருந்தது. தண்டல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுட்டதும் “ஆ!” என்று கத்திக் கையை விரிக்க, மூட்டை கீழே விழாமல் நான் பாய்ந்து பிடித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த தொல்லை கப்பலில். பிறந்ததிலிருந்து அலையிலேயே கிடந்த தண்டல், அந்த நீராவிக் கப்பலின் எண்ணெய் நாற்றத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். “படகுன்னா கை வலிக்கணும்டா. சொம்மா குந்திகினு போனா இப்டிதான் கொமட்டும்,” என்றார். “இத்த ஊர்ல எவன் கிட்டயாவது சொன்னே, தோல உரிச்சுடுவேன்.” எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கரையில் மறுபடி ரயில் ஏறி, கொழும்பில் இறங்கியபோது மழை. நம் ஊர் மழை மாதிரி இரைச்சலோடு வந்து போகிற மழை இல்லை. குடிவந்தவன் மாதிரி தங்கிவிடுகிற மழை. டிராம் வண்டியில் ஏறினோம். மூட்டையைக் காலடியில் வை என்று கை காட்டினான் கண்டக்டர். தண்டல் முடியாது என்றார். கண்டக்டர் சிங்களத்தில் கத்தினான். தண்டல் ராயபுரத் தமிழில் கத்தினார். இருவருக்கும் மற்றவர் பேச்சு புரியாததால் சண்டை நல்லபடியாகவே நடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு சிங்களப் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். “பிள்ளையை விற்க வந்தவன் மாதிரி மூட்டையைக் கட்டிப்பிடித்திருக்கிறான், பார்” என்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒரு தமிழர் எங்களுக்குச் சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். மிச்சத் தூரம் மழையில் நடந்தோம்.

எங்களைத் தங்கவைத்தவர் மார்கிரெட் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். நம் ஆள் ஒருவரைக் கட்டி, கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தார். கணவரும் நைனா போன அதே காலராவில் போனவர். இலையில் இடியாப்பமும், தேங்காய்ச் சம்பலும், மாசி போட்ட குழம்பும் வைத்தார். மாசி என்பது கல் மாதிரி காய்ந்த மீன். அதை இடித்துப் போடுகிறார்கள். ருசி இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கண்ணெதிரே கடல் முழுக்க மீன் துள்ள, மரக்கட்டையை இடித்துச் சாப்பிடுவானேன்? நம் வீட்டு நெத்திலிக் குழம்பை ஒரு வாய் தின்றால் இந்த ஊர்க்காரர்கள் கப்பல் ஏறிவிடுவார்கள்.

“சாப்பிடுங்கோ தம்பி. உங்கட அப்பாவும் இந்த இடத்திலதான் இருந்து சாப்பிடுறவர்,” என்றார் அக்கா.

நான் உட்கார்ந்திருந்த தரையை இடது கையால் தடவிப் பார்த்தேன்.

“இன்னா சொல்வாரு, கொயம்பு பத்தி?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு நாளும் குறைதான். நெத்திலி, நெத்திலி எண்டு ஒரே கதை. குறை சொல்லிச் சொல்லியே மூண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவார்.”

அது நைனாதான். நான் மூன்றாவது தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் விடியற்காலை பூசைக்குப் போனோம். எங்கள் கோயிலோடு பார்த்தால் கையளவுதான் இருக்கும். ஓலைப்பாயில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் தலையில் வெள்ளை வலைத்துணி. லத்தீன் செபம் இங்கேயும் அங்கேயும் ஒன்றே. எனக்குப் புரியாததும் ஒன்றே. பிறகு சிங்களத்தில் ஒரு பாட்டு எடுத்தார்கள். சொல் ஒன்றும் தெரியவில்லை, ராகம் எங்கள் கோயில் ராகம். நான் தமிழில் சேர்ந்துகொண்டேன். அவர்கள் தூளியில் தூங்குகிற பிள்ளைக்குப் பாடுகிற மாதிரி மெதுவாகப் பாடுகிறார்கள். நாங்கள் பாடினால் அலைக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும். பாதிக் கோயில் என்னைத் திரும்பிப் பார்த்தது.

“தொண்டைய அடக்குடா,” என்று தண்டல் தொடையைக் கிள்ளினார்.

“நம்ம ஆளுங்க கட்டுன கோயிலு மாமா,” என்று சொல்லிவிட்டு இன்னும் சத்தமாகப் பாடினேன்.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் போனேன். வெள்ளைக்காரர், வயதானவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.

“மகனே, அந்நாட்களில் மணி ஒலிக்க வேண்டாமென்று நானே கட்டளையிட்டேன். நாள் முழுதும் துக்க மணி கேட்டிருந்தால் ஜனங்கள் அஞ்சி ஓடியிருப்பார்கள். ஓடினவர்கள் வியாதியையும் கொண்டுபோயிருப்பார்கள்.”

“சரி சாமி. இப்பதான் காலரா இல்லியே. இப்ப அடிங்க.”

“இன்று மாலை கொடியேற்றம். திருவிழா முடியுமட்டும் துக்க மணி ஒலிக்கலாகாது.”

“முடிஞ்சப்பறம்?”

“அப்பொழுது பார்ப்போம்.”

“அப்ப நாங்க ஊருக்குப் போய்க்கினு இருப்போம் சாமி. அடிச்சத பாத்தோம்னு போய் யார் சொல்றது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் தகப்பனுக்கு ஒலித்தால் எல்லாருக்கும் ஒலிக்க வேண்டும்.”

“அடிங்க சாமி. யார் வேணாம்னாங்க?”

அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அவர்கள் ஊரில் அதுதான் அடையாளம் போலிருக்கிறது.

கோயில்பிள்ளை சில்வா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் சிங்களவர். மணி அடிப்பதும் விளக்கேற்றுவதும் அவர் வேலை. துறைமுகத்தில் தமிழர்களோடு பழகித் தமிழ் பேசுவார். “வா,” என்று கூட்டிக்கொண்டு போனார். கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே, புல் மண்டிய ஒரு மேடு. சிலுவை கிடையாது.

“எல்லாரும் இங்கதான். சுண்ணாம்பு போட்டு மூடினது,” என்றார்.

“எங்க நைனா எந்தப் பக்கம்?”

“தெரியாது மகன். என் தம்பி எந்தப் பக்கம், அதுவும் தெரியாது.”

இரண்டு பேரும் அந்தப் புல்லில் நின்றோம். ஒரு மாடு வந்து மேய்ந்தது. நான் கல்லெடுத்து அடித்து விரட்டினேன். அது கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி மேய்ந்தது.

சாயங்காலம் மழை விட்டது. கோயிலுக்கு முன்னால் கொடிமரம். உடைந்த கப்பலின் பாய்மரத்தை வாங்கி நட்டிருக்கிறார்கள். துறைமுகத்து ஜனம் முழுக்கக் கூடிவிட்டது. படகுக்காரர்கள், நிலக்கரி சுமக்கிறவர்கள், தமிழர், சிங்களவர் எல்லாரும். கொடியைப் பிரித்ததும் தண்டல் கண்ணை மூடிக்கொண்டார். கொடியின் வெள்ளையில் மாதாவின் முகம் தவிர மற்ற இடமெல்லாம் நீலம் ஓடியிருந்தது. “புது மாதிரி சாயம், வடிவாயிருக்கு,” என்று ஒரு பெண் சொன்னாள். தண்டலுக்கு உயிர் வந்தது.

சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். வெடி வெடித்தது, மேளம் முழங்கியது. நான் இழுத்தேன். கொடி ஏறியது.

முன்னாலேயே திட்டம் போட்டு வைத்திருந்தான் என்கிறார்கள். ஒரு திட்டமும் இல்லை. பாதி மரம் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. மரத்தில் அடித்திருந்த முளையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் பெரிய துரை யாராவது செத்தால் கொடியைப் பாதி மரத்தில் நிறுத்துவார்கள். அதைப் பார்த்தால் துறைமுகத்தில் எல்லாரும் தொப்பியைக் கழற்றுவார்கள், நாங்கள் துண்டை அவிழ்ப்போம். யார் யாருக்கோ எத்தனை முறை அவிழ்த்திருக்கிறோம். நைனாவுக்கு ஒருவரும் அவிழ்க்கவில்லை.

“கயிறு சிக்கிக்கொண்டதோ?” என்றார் சாமியார்.

“சிக்கல சாமி. நான்தான் கட்டிட்டேன்.”

மேளம் நின்றது. சாமியாருக்குப் புரியவில்லை. கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. முன்வரிசையில் நின்ற ஒரு நிலக்கரிக்காரர் கொடியைப் பார்த்தார், தானாகவே தொப்பிக்குக் கை போயிற்று. அவரைப் பார்த்துப் பக்கத்துக்காரர். அப்படியே கடைசி வரிசை வரைக்கும் போயிற்று.

தண்டல் ஓடி வந்தார். “டேய் சூசை! இன்னாடா பண்ணிகினு கீறே? மாதா கொடிடா! ஏத்துடா!”

“மணி அடிக்கட்டும். ஏத்தறேன்.”

“நல்ல நாளும் அதுவுமா துக்கக் கொடியா? ஊரு பேரையே கலீஜ் பண்ணிட்டியேடா!”

“எங்கம்மாவ நம்ம தெரு பேசறதவிட இன்னா மாமா கலீஜு?”

அவர் கை ஓங்கினார். நான் முகத்தைத் திருப்பவில்லை. அடி விழுந்தது. கயிற்றை விடவில்லை. ஏறத் தொடங்கிய கொடி திருவிழா முடியாமல் இறங்கக் கூடாது. அதனால் இறக்கவும் வழியில்லை. “மெட்ராஸ்காரனுக்குக் கொழுப்பைப் பார்!” என்று யாரோ கத்தினார்கள். “அவனைப் பிடித்து இழுங்கடா!” என்று இன்னொரு குரல். நாலைந்து பேர் என்னை நோக்கி வந்தார்கள்.

மார்கிரெட் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். “அந்தப் பிள்ளையில கை வையாதையுங்கோ! அவன் கேக்கிறது என்ன, பொன்னோ? நாங்கள் கேட்டிருக்க வேண்டியது. வாயை மூடிக்கொண்டு இருந்திட்டம்.” பிறகு மணிக்கூண்டு வாசலில் நின்ற சில்வா பக்கம் திரும்பினார். “சில்வா! உம்மட தம்பிக்கும் மணி இல்லை. மறந்திட்டீரோ?”

சில்வா சாமியாரைப் பார்த்தார். சாமியார் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கையிலிருந்த புத்தகத்தை மூடினார். அவ்வளவுதான். சில்வா உள்ளே போனார். மணிக்கூண்டிலிருந்து அவர் குரல் வந்தது.

“யாருக்கு?”

“லாசரு!” என்று கத்தினேன். பூசையில் பாடியதைவிடச் சத்தமாக. “ராயபுரம் லாசரு!”

மணி ஒன்று அடித்தது. நான் கயிற்றை அவிழ்த்து ஒரு கை நீளம் இழுத்து நிறுத்தினேன்.

“என்ர அவர்! பஸ்தியான்!” என்றார் மார்கிரெட் அக்கா. மணி. ஒரு கை.

அடுத்து எனக்குச் சொல்ல வராத ஒரு சிங்களப் பெயர். மணிக்கூண்டிலிருந்து சில்வாவே சொன்னார். மணி. பிறகு கூட்டத்தில் ஒரு மூலையிலிருந்து ஒரு பெயர், இன்னொரு மூலையிலிருந்து இன்னொன்று. ஒரு பெண்ணின் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரே இன்னும் வாயில் பழகாத ஒரு குழந்தையின் பெயர். என்னைப் பிடித்து இழுக்கச் சொன்ன அதே குரல் ஒரு பெயரைச் சொல்லி உடைந்தது. சாமியார் ஒவ்வொரு பெயருக்கும் சிலுவை போட்டார். மனதோடு போட்டாரா, கை பழக்கத்தில் போயிற்றா, எனக்குத் தெரியாது. கொடி மரத்தின் உச்சிக்குப் போய் முட்டிவிட்டது. பெயர்கள் முடியவில்லை. நான் கயிற்றைக் கட்டிவிட்டு அங்கேயே நின்று, அடித்த அத்தனை மணியையும் கேட்டேன்.

அப்புறம் சாமியார் என்னைக் கூப்பிட்டார். “நீ செய்தது தவறு,” என்றார். “இனி இக்கோயிலில் நீ கயிறு தொடலாகாது.”

“சரி சாமி,” என்றேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அதற்குச் சரி சொல்லவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் தண்டல் என்னோடு பேசவில்லை. கப்பலில் வாந்தி எடுத்தபோதுகூட என் பக்கம் திரும்பாமல் எடுத்தார். ராயபுரத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் பெரியவர்கள் எங்களை நிறுத்திக் கேட்டார்கள். “கொழும்பில் லாசருவுக்கு மணி அடித்தார்களா?” நான் வாயைத் திறந்தேன். தண்டல் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

“அட்ச்சாங்க. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். இந்தப் பையன் பண்ணது அநியாயம், இவன இனிமே கொடி பக்கமே வுடாதீங்க. ஆனா மணி அட்ச்சாங்க.”

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் கோயில் மணி ஆரம்பித்துவிட்டது. அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தெருக்குழாய்க்குப் போனாள். குடங்களோடு நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா அவர்களுக்கு நடுவில் போய் நின்றாள்.

“கேக்குதா?” என்றாள். “நல்லா கேட்டுக்கோங்க. அது என் வூட்டுக்காருக்கு.”